காலேஜ் ஹோர்டிங்கில் 'ஏ++': அது எதற்குக் கிடைத்த மார்க்?

மே மாதத்தில் தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் ஜிஎஸ்டி ரோட்டில் ஒருமுறை பஸ்ஸில் போய்ப் பாருங்கள். நகைக்கடை விளம்பரத்துக்கும் பிரியாணிக்கடை விளம்பரத்துக்கும் நடுவே காலேஜ் ஹோர்டிங்குகள் வரிசைகட்டி நிற்கும். சிரித்த முகத்தோடு நாலு மாணவர்கள், பின்னால் கண்ணாடிக் கட்டடம், அடியில் ஒரு வரி: 'நாக் ஏ++, என்பிஏ அங்கீகாரம், என்ஐஆர்எஃப் ரேங்க், ஏஐசிடிஇ அப்ரூவ்ட், அட்டானமஸ்.'

ப்ளஸ் டூ முடித்த தம்பியோ தங்கச்சியோ இருக்கும் வீட்டில், "நீதானே ஐடியில இருக்க, எந்த காலேஜ் நல்ல காலேஜ்னு நெட்ல பார்த்துச் சொல்லு" என்று அந்த வேலை நம் தலையில்தான் வந்து விழும். நாலு வருஷப் படிப்பு, சில லட்சம் ரூபாய் ஃபீஸ், பல வீடுகளில் எஜுகேஷன் லோன். இத்தனையும் அந்த ஒரு வரியை நம்பி முடிவாகிறது. அப்படியானால் அந்த வரியில் இருப்பதற்கெல்லாம் என்ன அர்த்தம்?

ஐந்து வார்த்தை, ஐந்து வேலை

முதலில் ஏஐசிடிஇ அப்ரூவல். இது இன்ஜினீயரிங், மேனேஜ்மென்ட் போன்ற தொழில்நுட்பப் படிப்புகளை நடத்துவதற்கான அனுமதி. வண்டிக்கு ஆர்சி புக் மாதிரி. இருந்தே ஆக வேண்டும். இருப்பதனால் வண்டி நன்றாக ஓடும் என்று அர்த்தம் இல்லை. ஹோர்டிங்கில் இதைப் பெருமையாகப் போடுவதில் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை.

அட்டானமஸ், அதாவது தன்னாட்சி. பாடத்திட்டத்தை வகுப்பது, தேர்வு நடத்துவது, திருத்துவது எல்லாம் கல்லூரியே செய்துகொள்ளலாம். பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும்.

என்ஐஆர்எஃப் என்பது மத்திய கல்வி அமைச்சகத்தின் தரவரிசை. 2015-ல் அறிவிக்கப்பட்டு, 2016-ல் முதல் பட்டியல் வந்தது. சென்னை ஐஐடி ஒவ்வொரு வருஷமும் முதலிடம் என்று செய்தி படிக்கிறோமே, அந்தப் பட்டியல்தான். இது ரேங்க், அங்கீகாரம் கிடையாது.

மிச்சம் இருப்பவை நாக், என்பிஏ. தரத்தைச் சோதித்துச் சான்று கொடுப்பது இந்த இரண்டும்தான். இரண்டுமே 1994-ல் தொடங்கப்பட்டவை. ஆனால் இரண்டும் சோதிப்பது ஒன்றையல்ல.

காலேஜுக்கு ஒன்று, டிபார்ட்மென்ட்டுக்கு ஒன்று

தேசிய தர மதிப்பீடு மற்றும் அங்கீகாரக் குழுவின் சுருக்கம்தான் நாக். தலைமையகம் பெங்களூரு, யுஜிசியின் கீழ் இயங்கும் தன்னாட்சி அமைப்பு. இது ஒட்டுமொத்தக் கல்லூரிக்கும் சேர்த்து ஒரே கிரேடு கொடுக்கும்.

தேசிய அங்கீகார வாரியமான என்பிஏ, கல்லூரிக்குச் சான்று தருவதில்லை. ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகத் தருகிறது. ஒரு கல்லூரியில் மெக்கானிக்கலுக்கு என்பிஏ இருக்கும், சிவிலுக்கு இல்லாமல் இருக்கும். ஹோர்டிங்கில் 'என்பிஏ அங்கீகாரம் பெற்றது' என்று பொதுவாகப் போட்டிருந்தால், எந்த டிபார்ட்மென்ட்டுக்கு என்று கேட்க வேண்டியது நாம்தான்.

இதில் இன்னொரு சிக்கல். குறைந்தது இரண்டு பேட்ச் படித்து முடித்து வெளியே வந்த பிறகுதான் ஒரு படிப்புக்கு என்பிஏ விண்ணப்பிக்க முடியும். ஆக, நேற்று தொடங்கிய ஏஐ, டேட்டா சயின்ஸ் துறைகளுக்கு அது இருக்கவே வாய்ப்பில்லை. கூட்டம் அலைமோதுவதோ அந்த சீட்டுகளுக்குத்தான்.

வெளிநாட்டுக் கனவு இருப்பவர்களுக்கு இது முக்கியம். 2014-ல் இந்தியா வாஷிங்டன் ஒப்பந்தத்தில் நிரந்தர உறுப்பினரானது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா உள்ளிட்ட நாடுகள் இன்ஜினீயரிங் பட்டங்களைப் பரஸ்பரம் ஏற்றுக்கொள்வதற்கான ஏற்பாடு இது. ஆனால் என்பிஏ 'டயர் 1' என்று அங்கீகரித்த படிப்புகளுக்குத்தான் இது பொருந்தும். அதுவும் அந்த அங்கீகாரம் செல்லும் காலத்தில் படித்து முடித்தவர்களுக்கு மட்டும். பல்கலைக்கழகங்களும் தன்னாட்சிக் கல்லூரிகளும்தான் டயர் 1-க்குள் வரும்.

ஏ++ எப்படிக் கிடைக்கிறது?

நாக் மொத்தம் ஏழு தலைப்புகளில் மார்க் போடுகிறது. பாடத்திட்டம், கற்பித்தல், ஆராய்ச்சி, கட்டமைப்பு வசதி, மாணவர் ஆதரவு, நிர்வாகம், கல்லூரியின் விழுமியங்கள். மொத்தம் 1000 மார்க், கடைசியில் அது 4-க்கு இத்தனை என்று சிஜிபிஏவாக மாறும். 3.51-க்கு மேல் ஏ++. 3.26 முதல் 3.50 வரை ஏ+. 3.01 முதல் 3.25 வரை ஏ. அதாவது 3.50 வாங்கிய காலேஜுக்கும் 3.51 வாங்கிய காலேஜுக்கும் வித்தியாசம் 0.01, ஹோர்டிங்கில் அது ஒரு முழு ப்ளஸ்!

எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாளும் கிடையாது. கற்பித்தல் என்ற தலைப்புக்குப் பல்கலைக்கழகத்துக்கு 200 மார்க், தன்னாட்சிக் கல்லூரிக்கு 300, இணைவுக் கல்லூரிக்கு 350. எனவே ஒரு பல்கலைக்கழகத்தின் ஏ++ஐயும் ஒரு இணைவுக் கல்லூரியின் ஏ++ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.

மார்க் எங்கிருந்து வருகிறது? கல்லூரியே தன்னைப் பற்றி ஒரு சுய ஆய்வு அறிக்கை எழுதிக் கொடுக்கும். 2017-ல் வந்த முறைப்படி சுமார் 70 சதவிகித மார்க், அந்த அறிக்கையில் உள்ள எண்களிலிருந்து வருகிறது. அந்த எண்களை வெளி ஏஜென்சி ஒன்று சரிபார்க்கும். மீதி 30 சதவிகிதம், நேரில் வரும் நிபுணர் குழுவின் கையில்.

இரண்டு பக்கமும் ஓட்டை

இந்த ஏற்பாட்டின் பலவீனம் உங்களுக்கே புரிந்திருக்கும். எண்களைத் தருவது கல்லூரி. நேரில் பார்ப்பது ஒரு சின்னக் குழு.

குழு விஷயத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2025 பிப்ரவரியில் ஆந்திராவின் குண்டூர் பகுதி நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு ஏ++ கொடுக்க லஞ்சம் கைமாறியதாகச் சிபிஐ வழக்குப் போட்டது. ஆய்வுக்கு வந்த நாக் குழுவின் தலைவர் உட்பட 10 பேர் கைதானார்கள். பணம், தங்கம், லேப்டாப், மொபைல் என்று நீண்டது சிபிஐ சொன்ன பட்டியல். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 2023 மார்ச்சில், நாக் செயற்குழுத் தலைவராக இருந்த பூஷண் பட்வர்தன், கிரேடு வழங்குவதில் முறைகேடு நடப்பதாகக் குற்றம்சாட்டிவிட்டுப் பதவி விலகியிருந்தார்.

எண்கள் விஷயத்துக்கு நம்ம ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. இது நாக் சம்பந்தப்பட்டது அல்ல, அண்ணா பல்கலைக்கழக இணைவு அனுமதி சம்பந்தப்பட்டது. 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. ஒரே பேராசிரியர் ஒரே சமயத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேரமாக வேலை பார்ப்பதாகக் கணக்கு காட்டியிருக்கிறார்கள், இப்படி 224 கல்லூரிகள் என்றது. காகிதத்தில் ஆசிரியர் இருப்பார், கிளாஸில் இருக்க மாட்டார். கல்லூரி கொடுக்கும் எண்ணை அப்படியே நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இந்தக் கிரேடு முறையையே மாற்றலாம் என்ற யோசனையும் வந்துவிட்டது. இஸ்ரோவின் முன்னாள் தலைவர் கே.ராதாகிருஷ்ணன் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி, ஏ++, ஏ+ எல்லாம் இல்லாமல் 'அங்கீகாரம் உண்டு' அல்லது 'இல்லை' என்று மட்டும் சொல்லும் முறை வரும் என 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. அதற்கு மேலே போக நினைக்கும் கல்லூரிகளுக்கு 1 முதல் 5 வரை நிலைகள்.

அப்போ எதைத்தான் பார்ப்பது?

கிரேடே வேஸ்ட் என்று சொல்ல வரவில்லை. கிரேடு வாங்குவதற்காகக் கல்லூரி எழுதிக்கொடுத்த காகிதங்கள் இருக்கின்றனவே, அவைதான் நமக்கு லாபம். ஏனென்றால் அவை பொதுவெளியில் கிடைக்கின்றன. மொபைலில் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

1. தேதி: நாக் சான்று பொதுவாக ஐந்து வருஷம் செல்லும். என்பிஏ மூன்று அல்லது ஆறு வருஷம். ஹோர்டிங்கில் காலாவதித் தேதி இருக்காது. நாக், என்பிஏ இணையதளங்களில் கல்லூரியின் பெயரைப் போட்டுத் தேடுங்கள்.

2. நிபுணர் குழு அறிக்கை: நேரில் வந்த குழு எழுதியது. அதன் கடைசிப் பகுதியில் கல்லூரியின் பலம், பலவீனம் என்று தனித்தனியாக இருக்கும். பலவீனத்தை முதலில் படியுங்கள்.

3. ஆசிரியர் கணக்கு: ஏஐசிடிஇ விதிப்படி பி.இ.யில் 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர். ஆண்டுக்கு 60 சீட் என்றால் நாலு வருஷத்துக்கு 240 பேர், அதாவது சுமார் 12 ஆசிரியர். கல்லூரி இணையதளத்தில் அந்த டிபார்ட்மென்ட் பட்டியலை எண்ணுங்கள். பிறகு அங்கே படிக்கும் சீனியர் ஒருவரிடம், இதில் எத்தனை பேர் உங்களுக்குக் கிளாஸ் எடுத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

4. பிளேஸ்மென்ட்: ஹோர்டிங்கில் இருப்பது அதிகபட்ச சம்பளம். சுய ஆய்வு அறிக்கையில் ஐந்தாவது தலைப்பில், படித்து முடித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை, எத்தனை பேர் மேற்படிப்பு என்று இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

5. பல்கலைக்கழகம் என்று பெயர் வைத்திருந்தால், யுஜிசி வெளியிடும் போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் ஒருதரம் பார்த்துவிடுங்கள்.

அறிக்கையில் இருக்கும் எண்ணுக்கும் சீனியர் சொல்லும் பதிலுக்கும் ரொம்ப தூரம் இருந்தால், கிரேடு ஏ++ ஆக இருந்தாலும் சாய்ஸ் லிஸ்ட்டில் அந்தக் கல்லூரியைக் கொஞ்சம் கீழே தள்ளி வையுங்கள். சான்றிதழ் மாட்டியிருப்பது ஆபீஸ் ரூமில். உங்கள் தம்பி உட்காரப் போவது கிளாஸ் ரூமில்.