ஊசியில்லாமல் ஈரலை அறிவோம்

"ஈரல் கெட்டுப்போச்சுன்னா அவன் குடிகாரன்" என்ற எண்ணம் நம் ஆண்டர்சன்பேட்டை மக்களிடம் வேரூன்றிவிட்டது. இதனால் குடிக்காதவர் சோதனைக்கே போவதில்லை. குடிப்பவரோ வெட்கப்பட்டுப் போவதில்லை. உண்மையில் சர்க்கரை நோய், உடல் பருமன், பி, சி வகை மஞ்சள் காமாலைக் கிருமிகள் ஆகியவையும் ஈரலில் தழும்பை உண்டாக்கும். வலியே இல்லாமல் வளரும் இத்தழும்பு முற்றி, ஈரல் இறுகிச் சுருங்கும் நிலையே சிரோசிஸ்.

முன்பெல்லாம் தழும்பை அளக்க ஊசி குத்திச் சதைத்துணுக்கு எடுப்பார்கள். அது ஈரலில் சுமார் 50,000-இல் ஒரு பங்குதான். ரத்தக்கசிவு அபாயமும் சிறிது உண்டு. சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ஈரல் கொழுப்பைக் காட்டும். தொடக்கத் தழும்பைப் பெரும்பாலும் காட்டாது. பெங்களூரில் ஸ்கேன் பிரிவில் பணிபுரியும் நான், "ஸ்கேன் நார்மல்தானே சார்?" என்று நிம்மதியோடு கேட்பவர்களைத் தினமும் பார்க்கிறேன்.

தங்கவயல்காரருக்குப் புதிய முறையை விளக்குவது எளிது. சுரங்கத்தில் ராக் பர்ஸ்ட் நடந்த இடத்தை அதிர்வலைகளைக் கொண்டே கண்டறிந்தார்கள் அல்லவா? கெட்டிப் பாறையில் அலை வேகமாக ஓடும். விரிசல் விட்ட பாறையில் தளரும். ஈரலும் அப்படியே. இறுக இறுக அதற்குள் அலை விரைந்து ஓடும்.

ஃபைப்ரோஸ்கேன் கருவி விலா இடுக்கில் மெல்லத் தட்டி, அலையின் வேகத்தை அல்ட்ராசவுண்டால் அளக்கிறது. பத்து அளவுகளின் இடைநிலை மதிப்பு கிலோபாஸ்கலில் வரும். பொதுவாக 8-க்குக் கீழ் இருந்தால் முற்றிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு. எம்.ஆர்.ஐ. வழியாகவும் இதை அளக்கலாம். அம்முறையை 1995-இல் 'சயன்ஸ்' இதழில் விளக்கிய கட்டுரையின் முதல் ஆசிரியர் ராஜா முத்துப்பிள்ளை என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

ஆனால் எண் மட்டுமே தீர்ப்பல்ல. சாப்பிட்டவுடன் எடுத்தால் அளவு கூடும். மூன்று மணி நேரமாவது வெறும் வயிறு வேண்டும். காமாலை வீக்கமும் அளவை ஏற்றிக் காட்டும். சந்தேகம் தீராவிட்டால் ஊசிச் சோதனை இன்றும் தேவைப்படும்.

எல்லோரும் உடனே பெங்களூருக்கு ரயிலேற வேண்டியதில்லை. வயது, ஈரல் நொதிகள் இரண்டு, ரத்தத் தட்டணுக்கள் ஆகியவற்றைக் கொண்டு 'ஃபிப்-4' என்ற கணக்கை மருத்துவரே போட்டுவிடலாம். 1.3-க்கு மேல் போனால் ஸ்கேன் தேவையா என்று முடிவு செய்வார். 65 வயது தாண்டியவர்க்கு வரம்பு 2.

தொடக்கத் தழும்பு ஆறக்கூடியது. குடியை விட்டாலும், பருத்தவர் எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தாலும் ஈரல் தேறும். ஆகவே சர்க்கரை உள்ளவர்கள் அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, "என் ஈரலையும் பாருங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.