சீருடைக்குப் பெயர் வேண்டும், வீட்டுக்கு மறைவு வேண்டும்

புதுக்கோட்டை நீதிமன்றத்தில் வழக்காடுகிறேன். சாட்சி சொல்ல வந்த பெண் காவலர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "என் வேலையைப் பத்தி யார் வேணா கேள்வி கேக்கட்டும் சார். வீட்டு விலாசமும் பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடமும் வாட்ஸ்அப்ல சுத்தணுமா?"

கூடவே கூடாது. 2020-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் நீதிபதி எஸ்தர் சாலஸின் வீட்டைத் தேடி வந்த ஒருவன், அவருடைய மகன் டேனியலைச் சுட்டுக் கொன்றான். அந்த மகனின் பெயரிலேயே 2022-இல் சட்டம் வந்தது: கூட்டாட்சி நீதிபதிகள் கேட்டுக்கொண்டால் அவர்களது முகவரியை இணையத்திலிருந்து நீக்க வேண்டும்.

காவலர், சிறை ஊழியர், நீதிபதி ஆகியோருக்கென இந்தியாவில் அப்படியொரு தனிச்சட்டம் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின; முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதம்.

தனிச்சட்டம் வரட்டும். முகவரி, கைபேசி எண், குடும்ப விவரம் ஆகியவற்றை அது காக்கட்டும். ஆனால் கைது செய்யும் அதிகாரி தன் பெயர் தெளிவாகத் தெரியும்படி அடையாளம் அணிய வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 36-ஆம் பிரிவு. அந்தப் பெயரை அறியும் மக்களின் உரிமையில் ஓர் எழுத்தும் குறையக் கூடாது.