நோட்டு பெருகினால் விலை ஏறுவது ஏன்?

நெல் நல்ல விலைக்குப் போன ஆண்டிலும் கையில் மிச்சமில்லை என்பது விவசாயிகள் பலரின் குறை. உரம், டீசல், கூலி எல்லாமே கூடவே ஏறிவிடுவதுதான் காரணம். இப்படி எல்லா விலையும் ஒருசேர ஏறுவதில் மத்திய வங்கியின் ஐந்தொகைக்கும் பங்குண்டு.

ஐந்தொகையின் ஒரு பக்கத்தில் வங்கியின் சொத்துகள்: தங்கம், அந்நியச் செலாவணி, அரசாங்கக் கடன் பத்திரங்கள். மறுபக்கத்தில் பொறுப்புகள்: மக்கள் கையிலுள்ள நோட்டுகள், மற்ற வங்கிகளின் இருப்பு முதலியன. மத்திய வங்கி பத்திரம் வாங்கினால் அதற்கு ஈடாகப் புதுப் பணம் உண்டாகிறது; விற்றால் பணம் குறைகிறது.

புதுப் பணம் வங்கிகளிலேயே தங்கிவிட்டால் விலை அவ்வளவாக ஏறாது. அது செலவாகிச் சந்தைக்கு வந்து, அதற்கேற்பச் சரக்கு பெருகாவிட்டால்தான் தொல்லை.

இலங்கையின் அனுபவம் இதற்குச் சான்று. அங்கு 2019 இறுதியில் வரிகள் குறைக்கப்பட்டன; அரசின் வரவு சுருங்கியது. பற்றாக்குறையை ஈடுகட்ட, அடுத்த ஆண்டுகளில் மத்திய வங்கி அரசின் பத்திரங்களை ஏராளமாக வாங்கியது. 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. அடுத்த பெரும்போகத்தில் நெல் விளைச்சல் சரிந்தது. பணம் கூடியது, சரக்கு குறைந்தது. அந்நியச் செலாவணி வற்றி, 2022 மார்ச்சில் ரூபாயின் மதிப்பும் வீழ்ந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைக் குறியீடு முந்தைய ஆண்டைவிட 69.8 சதவீதம் உயர்ந்தது. உணவுப் பொருள்களில் உயர்வு 94.9 சதவீதம்.

பரிகாரமாக, 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் வட்டி விகிதங்களில் ஒரே தடவையில் 7 புள்ளிகளைக் கூட்டியது. அரசிடம் நேரடியாகப் பத்திரம் வாங்குவதை 2023ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 2023 செப்டம்பரில் உயர்வு 1.3 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் ஏறும் வேகம் தணிந்ததே தவிர, விலைகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

இந்தியாவில் விசேஷக் காரணமின்றி ரிசர்வ் வங்கி அரசிடம் நேரடியாகப் பத்திரம் வாங்குவது 2006 ஏப்ரல் முதல் நின்றுவிட்டது.

விலையேற்றத்தை அடக்க வட்டி உயரும்போது கடன் வாங்கும் விவசாயிக்கும் சுமை கூடலாம். ஆகவே நெல் விலையை மட்டும் பார்த்து லாபத்தைக் கணக்கிடுவது சரியல்ல. ஒரு மூட்டை உரம் வாங்க எத்தனை கிலோ நெல் விற்க வேண்டியிருக்கிறது என்று போகந்தோறும் குறித்து வைப்பது நலம். அந்த அளவு கூடினால், விலை ஏறியும் வருமானம் தேய்கிறது என்று அறியலாம்.