உங்களுக்குத் தெரியுமா? ஜலதோஷத்துக்கு 20 முகங்கள்!

★ ஜலதோஷ வைரஸ்களை ஒட்டி ஒட்டி வரிசையாக அடுக்கினால், ஒரே ஒரு மில்லிமீட்டருக்கு 30,000-க்கு மேல் பிடிக்கும். ஜலதோஷத்துக்குப் பெரும்பாலும் காரணமான ரைனோ வைரஸின் குறுக்களவு சுமார் 30 நானோமீட்டர். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் மிகச் சிறிய அலையே 400 நானோமீட்டர் நீளம். தன் அலையைவிட இவ்வளவு சிறியதை ஒளியால் காட்ட முடியாது; அதனால் பள்ளிக்கூட லேபில் இருக்கும் மைக்ராஸ்கோப்பில் எத்தனை லென்ஸ் மாட்டினாலும் இந்த வைரஸ் சிக்காது.

★ சிவப்பும் நீலமும் பச்சையுமாகப் பத்திரிகைகளில் வருகிற 3டி வைரஸ் படங்களில் வண்ணம் முழுக்கக் கற்பனை. எந்தப் புரதம் எங்கே இருக்கிறது என்று பிரித்துக் காட்ட, படம் போடுகிறவர்கள் பூசியது. வடிவம் மட்டும் நிஜம்.

★ ரைனோ வைரஸின் வடிவத்தை அணு அளவுக்கு முதலில் காட்டியவர் மைக்கேல் ராஸ்மன். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1985-ல், தன் குழுவோடு. எடுத்துக்கொண்டது ரைனோ வைரஸ் 14-ஆம் வகை. கோடிக்கணக்கான வைரஸ்களைச் சீராக அடுக்கிப் படிகமாக வளர்த்து, அதன் மேல் எக்ஸ்-கதிரைப் பாய்ச்சினார்கள். கதிர் பட்ட கொஞ்ச நேரத்திலேயே படிகம் பாழாகிவிடும். அடுத்த படத்துக்கு வேறு படிகம்! கடைசியில் ஃபிலிமில் மிஞ்சியவை வெறும் புள்ளிகள். அவற்றிலிருந்து வடிவத்தைக் கணக்கிட்டு எடுக்க சூப்பர் கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. அதே ஆண்டு போலியோ வைரஸின் வடிவமும் வெளிவந்தது, வேறொரு குழுவிடமிருந்து.

★ 20 முக்கோண முகங்கள், 12 முனைகள். நான்கே நான்கு புரதங்கள், ஒவ்வொன்றிலும் 60 பிரதி. வைரஸின் மொத்த ஓடும் அவ்வளவுதான். இவ்வளவு சிக்கனமான கட்டடத்தை எந்தக் கொத்தனாரும் கட்டியதில்லை.

★ ஒவ்வொரு முனையைச் சுற்றியும் ஒரு பள்ளம் ஓடுவதுதான் அந்தப் படத்தில் கிடைத்த புதையல். நம் செல்களின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஐகேம்-1 என்ற புரதத்தை 14-ஆம் வகை வைரஸ் இந்தப் பள்ளத்துக்குள் வாங்கித்தான் ஒட்டிக்கொள்கிறது. பள்ளம் குறுகல், உடலின் எதிர்ப்புப் புரதங்கள் பருமன், அதனால் அவை உள்ளே நுழைய முடியாது என்றார் ராஸ்மன். அழகான விளக்கம். ஆனால் 1996-ல் வேறொரு படம் வந்தது: ஓர் எதிர்ப்புப் புரதம் அதே பள்ளத்துக்குள் நன்றாகவே இறங்கி உட்கார்ந்திருந்தது!

★ தடுப்பூசி ஏன் இல்லை? ரைனோ வைரஸில் 160-க்கு மேற்பட்ட வகைகள். ஒவ்வொன்றின் மேற்பரப்பும் வேறு என்பதால், ஒன்றுக்கான ஊசி மற்றதற்கு உதவாது.

★ பள்ளத்தின் அடியில் ஒரு சின்னக் குழி உண்டு. அதை மருந்தால் அடைத்துவிட்டால் ஓடு இறுகிப்போய், உள்ளிருக்கும் வைரஸின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ. வெளியே வரமுடியாது. இப்படிச் செய்யும் ப்ளெகோனரில் என்ற மாத்திரை 2002-ல் அமெரிக்காவில் அனுமதிக்குப் போய்த் திரும்பி வந்தது. சளி ஏறக்குறைய ஒரு நாள் முன்னதாக விலகும்; ஆனால் கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுக்கக்கூடும். ஒரு நாள் மூக்கொழுகலுக்கு இந்த விலை அதிகம்தானே!

★ குழந்தைகளை அதிகம் படுத்தும் 'சி' வகை ரைனோ வைரஸின் வடிவம் 2016-ல் தெரிந்தது. இம்முறை படிகம் வளர்க்கவில்லை. வைரஸை உறையவைத்து எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். அந்தக் குழுவிலும் ராஸ்மன் இருந்தார், வயது 85-ஐத் தாண்டியிருந்தது. 'சி' வகையில் அந்தக் குழியை வைரஸே அடைத்து வைத்திருக்கிறது. ப்ளெகோனரிலுக்கு அங்கே இடமே இல்லை.