பசித்தவர்கள் வெட்டிய கால்வாய்! தோள் வலிமையால் ஓடிய படகுகள்!

ரெயில் இல்லை. லாரி இல்லை. ஆனாலும் சென்னைப் பட்டணத்துக்கு உப்பு வந்தது, விறகு வந்தது, நெல் வந்தது.

எப்படி வந்தது? தண்ணீரில் வந்தது!

செங்கல்பட்டு மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கிறது கடப்பாக்கம். அதைச் சுற்றியுள்ள பகுதிக்கு இடைக்கழிநாடு என்று பெயர். கழிகளுக்கு இடையே உள்ள நாடு என்று பொருள். சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் இந்த இடைக்கழிநாட்டுப் புலவரே.

பக்கத்தில் கடலோரம் ஆலம்பரைக் கோட்டை இடிந்து நிற்கிறது. 1750-ம் ஆண்டு அது பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள்.

இந்த உப்பங்கழிகளின் வழியாகத்தான் பக்கிங்ஹாம் கால்வாய் தெற்கே மரக்காணம் போகிறது.

அங்கே நீராவி, இங்கே கயிறு

1806-ம் ஆண்டில் பாசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை சுமார் 11 மைல் நீளத்துக்குக் கால்வாய் வெட்டினார். அதுதான் தொடக்கம்.

மறு ஆண்டு, 1807-ல், அமெரிக்காவில் ஓர் அதிசயம் நடந்தது. ராபர்ட் புல்டன் என்பவர் நீராவிப் படகு ஒன்றை ஓட்டிக் காட்டினார். அதன் இரு பக்கமும் பெரிய சக்கரங்கள்! சக்கரம் சுழன்று தண்ணீரைத் தள்ள, படகு முன்னே பாய்ந்தது. நியூயார்க்கிலிருந்து ஆல்பனி வரை 150 மைல். 32 மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. பிறகு மிசிசிப்பி ஆறெங்கும் சக்கரப் படகுகள் ஓடின.

நம் கால்வாயில்? காற்று வீசினால் பாய் விரிப்பார்கள். காற்று இல்லாவிட்டால் கழி ஊன்றித் தள்ளுவார்கள். அதுவும் முடியாத இடத்தில் ஆட்கள் கரையில் இறங்கி, தோளில் கயிற்றைப் போட்டு, படகை இழுத்துக்கொண்டே நடப்பார்கள்.

அமெரிக்காவில் நீராவி செய்த வேலையை இங்கே மனிதனின் தோள் செய்தது!

தாது வருஷப் பஞ்சம்

1876-ல் மழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார்கள் சொல்லிவந்தது இதைத்தான். பல லட்சம் பேர் மாண்டார்கள்.

அப்போது சென்னை கவர்னராக இருந்தவர் பக்கிங்ஹாம் பிரபு. பஞ்சத்தில் அடிபட்ட மக்களுக்கு வேலை கொடுக்க, கூவம் ஆற்றையும் அடையாற்றையும் இணைத்துக் கால்வாய் வெட்டச் செய்தார்கள். நீளம் 5 மைல். 1877–78-ல் வேலை நடந்தது.

கால்வாய்க்குக் கவர்னரின் பெயர் வந்தது. மண் சுமந்தவர்களின் பெயர் எங்கும் இல்லை!

அந்த 5 மைல்தான் வடக்கையும் தெற்கையும் சேர்த்தது. ஆந்திராவின் பெத்த கஞ்சாம் முதல் மரக்காணம் வரை கால்வாயின் நீளம் சுமார் 420 கிலோமீட்டர். தமிழ்நாட்டில் மட்டும் 163 கிலோமீட்டர்.

படகுக்கு ஒரு படிக்கட்டு

ஆறு குறுக்கிடும் இடத்தில் தண்ணீர் மட்டம் ஏறும், இறங்கும். படகு எப்படித் தாண்டும்? அதற்கு 'லாக்' கட்டினார்கள். இரு பக்கமும் கதவு உள்ள தொட்டி போன்றது அது. படகு உள்ளே வந்ததும் பின்கதவை மூடுவார்கள். தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த பக்கத்துக்குச் சமமாக்குவார்கள். பிறகு முன்கதவு திறக்கும். படகு போய்விடும்!

கடலைத் தடுத்த கால்வாய்

ரெயிலும் லாரியும் வந்தபின் படகுகள் குறைந்தன. 1965, 1966, 1976-ம் ஆண்டுப் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. சென்னைக்குள் அது சாக்கடையாயிற்று. பறக்கும் ரெயிலின் தூண்கள் அதன் நடுவிலேயே எழுந்தன.

ஆனால் 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தபோது, இந்தப் பழைய கால்வாய் தன் அருமையைக் காட்டியது. பல இடங்களில் கடல் நீரைத் தன் வயிற்றில் வாங்கி, வேகத்தைக் குறைத்து, கடலுக்கே திருப்பி அனுப்பியது. பின்னால் இருந்த ஊர்கள் தப்பின.

2008-ல் மத்திய அரசு இதைத் தேசிய நீர்வழியின் ஒரு பகுதியாக அறிவித்தது. ஆனாலும் சென்னைக்கும் மரக்காணத்துக்கும் இடையே பழைய சரக்குப் படகுப் போக்குவரத்து திரும்பவில்லை.

அமெரிக்காவிலும் ரெயில் வந்ததும் சக்கரப் படகுகள் மறைந்தன. ஆயினும் 1914-ல் கட்டிய 'பெல் ஆப் லூயிவில்' என்ற படகை அந்நாட்டார் பாதுகாத்து, இன்றும் ஆற்றில் ஓட்டுகிறார்கள்.

நம்மிடம் பழைய படகு இல்லாமல் போகலாம். கால்வாய் இருக்கிறது. அதில் குப்பை கொட்டாமல், மண் மூடாமல், கரையை ஆக்கிரமிக்காமல் காத்தால் போதும்.

மழை வெள்ளத்துக்கு அது வடிகால். பொங்கும் கடலுக்கு அது அணை. பசித்த வயிற்றோடு நம் முன்னோர் வெட்டிய கால்வாயை, வயிறு நிறைந்த நாம் தூர்த்துவிடலாமா?