வீட்டுக் கூடத்தில் கோடீஸ்வரன்

நண்பர்கள் கூடும் இடத்தில் 'கோடீஸ்வரன் ஆடலாமா?' என்று யாராவது ஒருவர் கிளப்பிவிடுவார். தொடக்கம் அமர்க்களமாக இருக்கும். கேள்வி கேட்பவர் குரலைத் தாழ்த்தி 'லாக் பண்ணிடலாமா?' என்பார், எல்லோரும் சிரிப்பார்கள். அரை மணி நேரம் போவதற்குள் ஆளுக்கொரு பக்கம் செல்போனைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். டிவியில் கண் இமைக்காமல் பார்த்த ஆட்டம் வீட்டில் ஏன் சப்பென்று போகிறது?

இந்த ஆட்டம் பிறந்தது பிரிட்டனில். 1998 செப்டம்பரில் ஐடிவியில் 'ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்' தொடங்கியது. 2000 ஜூலையில் அமிதாப் பச்சன் அதை இந்தியில் நடத்த வந்தார். தமிழில் சன் டிவியில் சரத்குமாரின் 'கோடீஸ்வரன்', பிறகு 2012-ல் விஜய் டிவியில் சூர்யாவின் 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி'. எங்கே போனாலும் அமைப்பு ஒன்றுதான்: ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள், ஏறிக்கொண்டே போகும் பணம், தப்பினாலும் அதற்குக் கீழே போகாதபடி நடுவில் பத்திரமான படிகள், விடை தெரியாதபோது கைகொடுக்கும் சில லைஃப்லைன்கள், 'போதும்' என்று பணத்தோடு எழுந்து போகும் உரிமை. இதில் கடைசியாகச் சொன்னதுதான் ஆட்டத்தின் உயிர்.

பழைய பிரிட்டிஷ் கணக்கையே பார்ப்போம். 32,000 பவுண்டு பத்திரமான படி. ஒருவர் 64,000-ல் நிற்கிறார், அடுத்த கேள்வி 1,25,000-க்கு. சரியாகச் சொன்னால் 61,000 கூடும், தப்பினால் 32,000 போகும். விடை சரியாக இருக்க நூற்றுக்கு 35 வாய்ப்பு இருந்தாலே கணக்குப்படி ஆடிவிடலாம். அதே ஆள் 5 லட்சத்தில் நிற்கும்போது? வந்தால் இன்னும் 5 லட்சம், போனால் 4,68,000. இப்போது கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி வாய்ப்பு வேண்டும். கணக்கு சரி என்றாலும், கையில் வந்த 4,68,000-ஐப் பணயம் வைக்க எத்தனை பேருக்கு மனசு வரும்? அந்தத் தவிப்பைத்தான் நாம் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வீட்டில் அந்தத் தவிப்பு கிடையாது. காகிதத்தில் எழுதிய கோடி போனால் யாருக்கு என்ன? அதனால் ஒருவரும் நிறுத்துவதில்லை. 'சி-ன்னு போட்டுப் பார்ப்போம்' என்று அடித்துவிடுகிறார்கள். இதற்கு மருந்து, இழப்பதற்கு ஏதாவது வைப்பதுதான். ஒவ்வொருவரும் விடை சொல்பவரின் நாற்காலியான ஹாட் சீட்டில் ஒரு முறை உட்காரட்டும், அவரவர் எடுத்ததை ஒரு தாளில் எழுதி எல்லோருக்கும் தெரியும்படி ஒட்டுங்கள், கடைசியில் நிற்பவர் அன்றைக்கு எல்லோருக்கும் பரோட்டா வாங்கித் தர வேண்டும். இவ்வளவு போதும். 'நான் நிறுத்திக்கிறேன்' என்ற குரல் தானாகக் கேட்கும்.

அடுத்தது கேள்வி. 'சந்திரலேகா வெளிவந்த ஆண்டு எது? 1946, 1947, 1948, 1949.' இது செத்த கேள்வி. தெரிந்தவர் சொல்வார், தெரியாதவர் பேசாமல் உட்கார்ந்திருப்பார். இதையே திருப்பிக் கேளுங்கள்: 'சந்திரலேகா, பராசக்தி, மலைக்கள்ளன், வீரபாண்டிய கட்டபொம்மன். இவற்றில் எது முதலில் வந்தது?' இப்போது அவர் வாய்விட்டு யோசிப்பார். 'கட்டபொம்மன் கலர் படம், அப்போ பிந்தினது. பராசக்தி சிவாஜிக்கு முதல் படம், 52. மலைக்கள்ளன் எம்ஜிஆர் ஹீரோவா வளர்ந்த பிறகு...' கூடத்தில் இருப்பவர்களும் மனசுக்குள் கூடவே யோசிப்பார்கள். ஆண்டு தெரியாமலே விடைக்கு வந்து சேர வழி இருக்கிற கேள்விதான் நல்ல கேள்வி. கேள்வியை வாசித்துக் காட்டுவதோடு நிறுத்தாமல் பெரிதாக எழுதியும் வையுங்கள். 2020-ல் கலர்ஸ் தமிழில் ராதிகா நடத்திய 'கோடீஸ்வரி'யில் ஒரு கோடி வென்ற கௌசல்யா கார்த்திகா செவித்திறனும் பேச்சுத்திறனும் இல்லாதவர். யாரும் விட்டுப்போகாமல் ஆடக்கூடிய ஆட்டம் இது.

லைஃப்லைன்களில் எனக்கு மிகவும் பிடித்தது பார்வையாளர் வாக்கு. அமெரிக்க நிகழ்ச்சியில் பார்வையாளர்கள் நூற்றுக்கு 91 முறை சரியாகச் சொன்னார்கள், போனில் பிடித்த நண்பர்கள் 65 முறைதான் என்று 2004-ல் ஜேம்ஸ் சுரோவிக்கி எழுதினார். பார்வையாளரிடம் பெரும்பாலும் எளிய கேள்விகளே போயிருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனாலும் அதன் சூட்சுமம் அழகானது. நூறு பேரில் 20 பேருக்கு மட்டும் விடை தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற 80 பேர் குருட்டாம்போக்கில் அழுத்துகிறார்கள். அந்த 80 நான்கு விடைக்கும் இருபது இருபதாகச் சிதறும். தெரிந்த 20 பேரும் ஒரே இடத்தில் சேருவார்கள். ஆகவே சரியான விடைக்கு 40, மற்றவற்றுக்கு 20. ஐந்தில் ஒருவருக்குத் தெரிந்தாலே கூட்டம் விடையைக் காட்டிவிடுகிறது!

இது நடக்க ஒரு நிபந்தனை உண்டு: தெரியாதவர்கள் ஒரே பக்கம் சாயக் கூடாது. 'இலங்கையின் நாடாளுமன்றம் எந்த ஊரில் இருக்கிறது? கண்டி, கொழும்பு, கோட்டே, காலி' என்று கேட்டுப் பாருங்கள். தெரியாதவர்கள் சிதறாமல் கொழும்புக்கே போவார்கள், கோட்டே என்று தெரிந்த இரண்டு பேரின் குரல் அமுங்கிவிடும். வீட்டில் எட்டுப் பேர்தான் இருப்பார்கள் என்பதால் இன்னொரு ஆபத்தும் சேர்கிறது. கையைத் தூக்கச் சொன்னால், கூட்டத்தில் படித்தவர் என்று பேரெடுத்தவர் எதற்குத் தூக்குகிறாரோ அதற்கே மற்றவர்களும் தூக்குவார்கள். அப்புறம் அது எட்டு வாக்கு இல்லை, ஒரே வாக்கு. ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்து, எழுதி மடித்து, ஒன்றாகத் திறக்கச் சொல்லுங்கள்.

அடுத்த லைஃப்லைன், தவறான இரண்டு விடைகளை நீக்கும் ஃபிஃப்டி-ஃபிஃப்டி. அதில் எந்த இரண்டை நீக்குவது என்பதைக் கேள்வி எழுதும்போதே சீட்டின் பின்னால் குறித்துவிட வேண்டும். ஹாட் சீட்டில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துவிட்டு நீக்கினால் நட்பு உள்ளே நுழைந்துவிடும். நண்பருக்குப் போன் செய்யும் லைஃப்லைனுக்கு 30 விநாடி, ஸ்பீக்கரில் போட்டுப் பேச வேண்டும். மறுமுனையில் டைப் அடிக்கும் சத்தம் கேட்டால் வெட்டிவிடலாம்.

ஒரு ஆளுக்குப் பதினைந்து கேள்வி என்றால் நான்கு பேருக்கு அறுபது. அன்றைக்கு மாலை உட்கார்ந்து எழுதினால் ஆகாது. அடுத்த விடுமுறைக்கு ஆட நினைப்பவர்கள் இன்றைக்கே ஒரு நோட்டைத் தொடங்கிவிடுங்கள்.