இணையச் சந்தையில் எச்சரிக்கை

சென்னையிலிருந்து பூவிருந்தவல்லிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி என்னும் ஊர்கள் உள்ளன. சாவடி என்பது வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் பொது இடம். விரைவு ஊர்திகள் இல்லாத காலத்தில், நெடுந்தொலைவு நடந்தும் வண்டி கட்டியும் வந்தவர்கள் இத்தகைய இடங்களில் தங்கினர். தங்கிய இடத்தில் பேச்சு நடந்தது. பேச்சோடு கொடுக்கல் வாங்கலும் நடந்தது. விற்பவரின் முகத்தை வாங்குபவர் கண்டார். பொருளைத் தொட்டும் தட்டியும் பார்த்தார். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது பழமொழி. ஆனால் விலைக்கு வாங்கும் மாட்டைப் பல்லைப் பிடித்துப் பாராத உழவர் எவரும் இலர்.

இன்று அச்சந்தை கைப்பேசிக்குள் வந்துவிட்டது. இணையத்தின் வழியாக ஏலம் விடும் தளங்களும், பழைய பொருள்களை விற்கவும் வாங்கவும் விளம்பரம் இடும் தளங்களும் பெருகியுள்ளன. இவற்றால் விளையும் நன்மை சிறிதன்று. ஒருவர் படித்து முடித்த நூல் மற்றொருவருக்குக் குறைந்த விலையில் கிடைக்கிறது. ஒரு வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த மேசை இன்னொரு வீட்டில் பயன்படுகிறது. ஆயினும், இச்சந்தையில் விற்பவர் முகத்தை நாம் காண்பதில்லை. பொருளின் படத்தைத்தான் காண்கிறோம். மாட்டின் பல்லைப் பார்ப்பதற்கு ஈடாக இங்கு எதைப் பார்ப்பது என்பதை நாம் கற்றுக்கொள்ளவேண்டும்.

இணைய ஏலத்தின் வரலாற்றிலேயே இதற்கு நல்ல பாடம் உண்டு. 1995-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பியர் ஒமிடியார் என்பவர் ஏலத் தளம் ஒன்றைத் தொடங்கினார். ஈபே என்னும் பெயரால் உலகெங்கும் புகழ் பெற்ற தளம் அதுவே. அதில் முதன்முதலாக விற்ற பொருள் பழுதான லேசர் சுட்டுக்கோல் ஒன்று, அது 14.83 டாலருக்கு ஏலம் போயிற்று. வாங்கியவர் அறியாமல் வாங்கிவிட்டாரோ என்று ஐயுற்ற ஒமிடியார், அது பழுதானது என்பதை அறிவீரா என்று அவரிடம் வினவினார். பழுதான சுட்டுக்கோல்களைச் சேர்ப்பது தம் வழக்கம் என்று விடை வந்தது. பொருளின் குறையை விற்பவர் மறைக்கவில்லை. வாங்குபவரும் தாம் வாங்குவது எது என்பதை அறிந்தே வாங்கினார். நேர்மையான வாணிகத்தின் இலக்கணம் இதுவேயன்றோ!

அதே தளத்தில் 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஓர் ஓவியம் ஏலத்துக்கு வந்தது. பழம்பொருள் விற்பனை ஒன்றில் அதனை வாங்கியதாகவும், மனைவி அதனை வீட்டினுள் வைக்க விடவில்லை என்றும், குழந்தை தன் மிதிவண்டியால் இடித்து அதில் துளையிட்டுவிட்டது என்றும் விற்பவர் எழுதியிருந்தார். ஓவியத்தின் மதிப்பை அறியாத எளிய குடும்பத்தலைவர் போலும் என்று படித்தவர்கள் எண்ணினர். ஓவியத்தின் மூலையில் இருந்த இரண்டு எழுத்துகளோ, ரிச்சர்ட் டீபன்கார்ன் என்னும் புகழ்பெற்ற ஓவியரின் பெயரை நினைவூட்டின. ஏலம் 1,35,805 டாலர் வரை ஏறியது. பின்னர் உண்மை வெளிப்பட்டது. விற்றவர் கென்னத் வால்டன் என்னும் வழக்கறிஞர். அவருக்கு மனைவியும் இல்லை, குழந்தையும் இல்லை. தம் பொருளுக்குத் தாமே வேறு பெயரில் ஏலம் கேட்டிருந்தார். கூட்டாளிகளும் அவ்வாறே விலையை ஏற்றினர். ஈபே நிறுவனம் அவ்விற்பனையைச் செல்லாததாக்கியது. 2001-ஆம் ஆண்டில் அவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

மாணவர்களே, இந்நிகழ்ச்சியில் கருதத்தக்கது ஒன்று உண்டு. அவர் விற்க முனைந்தது ஓவியத்தை மட்டுமன்று. ஒரு கதையையும் சேர்த்து விற்றார். மோசடி விளம்பரம் எதுவாயினும் அதன் உள்ளே ஒரு கதை இருக்கும். பொருளைச் சோதிக்க எண்ணும் நம் மனத்தைக் கதையின்பால் திருப்புவதே ஏமாற்றுவோரின் முதல் வேலை.

நம் நாட்டிலும் ஈபே 2004-ஆம் ஆண்டில் பாஸி என்னும் ஏலத் தளத்தை வாங்கித் தொழில் நடத்தியது. 2018-ஆம் ஆண்டில் அதன் இந்தியத் தளம் மூடப்பட்டது. இன்று பழம்பொருள் வாணிகம் பெரும்பாலும் ஓ.எல்.எக்ஸ். போன்ற விளம்பரத் தளங்களிலும் சமூக ஊடகங்களிலும் நடைபெறுகிறது. தளம் மாறினும் ஏமாற்றின் இயல்பு மாறவில்லை. கதை மட்டும் மாறியுள்ளது.

அக்கதை எவ்வாறு அமைகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். வேலப்பன்சாவடியில் மருத்துவக் கல்லூரியும் பல் மருத்துவக் கல்லூரியும் உள்ளன. வெளியூரிலிருந்து வந்து அங்குத் தங்கிப் பயிலும் மாணவர் ஒருவர் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைத் தேடுகிறார் என்று கொள்வோம். எழுபதாயிரம் ரூபாய் பெறத்தக்க வண்டி இருபத்தையாயிரத்துக்குக் கிடைக்கும் என்று ஒரு விளம்பரம் அவர் கண்ணில் படுகிறது. விற்பவர் தம்மைப் படைவீரர் என்கிறார். திடீரென்று எல்லைப்புறத்துக்கு மாற்றிவிட்டார்கள், ஆதலால் வண்டியை விரைவில் விற்கவேண்டும் என்கிறார். கேளாமலே தம் அடையாள அட்டையையும், சீருடை அணிந்த படத்தையும் அனுப்புகிறார். ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் விமானப்படை நிலையமும் மத்திய சேமக் காவற்படை முகாமும் உள்ளன. ஆதலால் ஆவடியில் பணிபுரியும் வீரர் என்று ஒருவர் சொன்னால், இப்பகுதியில் வாழ்வோர் அதனை எளிதில் நம்புவர்.

நேரில் வந்து வண்டியைப் பார்க்கலாமா என்று மாணவர் கேட்டால், முகாமுக்குள் வெளியாரை விடமாட்டார்கள், வண்டியைப் படையினரின் பார்சலிலேயே அனுப்புகிறேன் என்று விடை வரும். முதலில் சிறு தொகை முன்பணமாகக் கேட்கப்படும். அடுத்துப் பார்சல் கட்டணம், பின் காப்பீடு, பின் வரி எனத் தொகைகள் வளரும். ஒவ்வொன்றும் வண்டியோடு திருப்பித் தரப்படும் என்பார்கள். கொடுத்த பணம் வீணாகிவிடுமே என்னும் அச்சத்தால் மாணவர் மேலும் மேலும் கொடுப்பார். வண்டி வராது, சில நாளில் அத்தொலைபேசி எண்ணும் அணைந்துவிடும்.

இது கற்பனையாகச் சொல்லப்பட்ட எடுத்துக்காட்டே எனினும், இம்முறை கற்பனையன்று. படைவீரர் வேடத்தில் விளம்பரத் தளத்தின் வழியே ஏமாற்றிய வழக்கில், 2020-ஆம் ஆண்டு சென்னைக் காவல்துறையினர் இராஜஸ்தான் மாநிலத்துப் பரத்பூர் மாவட்டம் வரை சென்று இருவரைக் கைது செய்தனர். அப்போது பரத்பூரை அடுத்திருந்த அரியானா மாநிலத்து நூ மாவட்டத்தில், 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் ஏறத்தாழ 5,000 காவலர்கள் 14 சிற்றூர்களில் ஒரே நேரத்தில் சோதனை நடத்தி, இணைய மோசடி தொடர்பாக அறுபதுக்கு மேற்பட்டோரைக் கைது செய்தனர். இத்தகையோர் காட்டும் அடையாள அட்டை பெரும்பாலும் பிறருடையது. முன்பு ஏமாந்தவர் நம்பி அனுப்பிய அட்டையே அடுத்தவரை ஏமாற்றும் கருவியாகிறது. ஆதலால் இம்மோசடியில் பணம் இழப்பவர் ஒருவர். குற்றமின்றிப் பெயர் கெடுபவர் மற்றொருவர்.

விற்பவரும் ஏமாறுவதுண்டு. வீட்டிலுள்ள பழைய கட்டிலை விற்க ஒருவர் விளம்பரம் இடுகிறார். பேரமே பேசாமல் ஒருவர் முழு விலைக்கும் இசைகிறார். பணம் அனுப்புகிறேன், இந்தக் குறியீட்டைக் கைப்பேசியில் காட்டி, உங்கள் இரகசிய எண்ணை இடுங்கள் என்று கியூ.ஆர். குறியீடு ஒன்றை அனுப்புகிறார். அவ்வாறு செய்தவுடன் பணம் வருவதற்கு மாறாகப் போய்விடுகிறது. யு.பி.ஐ. முறையில் இரகசிய எண் பணம் கொடுப்பதற்கே வேண்டும், பெறுவதற்கு வேண்டுவதில்லை. குறியீட்டைக் காட்டிப் படிப்பதும் பணம் கொடுப்பவர் செய்யும் வேலையே. இவ்வொரு செய்தியை வீட்டிலுள்ள முதியோருக்கு விளங்க வைத்தாலே பெரும் இழப்பைத் தடுக்கலாம்.

மோசடி விளம்பரத்தைக் கண்டறியும் அடையாளங்களை இனித் தொகுத்துக் காண்போம். முதலாவது, விலை. ஊரில் யாரும் தராத விலைக்கு முகமறியாதவர் ஒருவர் தருகிறார் எனின், ஏன் என்று வினவவேண்டும். இரண்டாவது, அவசரம். வேறொருவர் வாங்க வந்துவிட்டார், உடனே பணம் அனுப்புங்கள் என்பது சிந்திக்கும் நேரத்தைப் பறிக்கும் சூழ்ச்சி. மூன்றாவது, நேரில் காட்ட மறுத்தல். நான்காவது, தளத்தின் உரையாடலை விட்டு வேறு செயலிக்கு அழைத்தல். தளத்தின் கண்காணிப்புக்கு அப்பால் கொண்டுபோவதே இதன் நோக்கம். ஐந்தாவது, கேளாமலே அடையாள அட்டை அனுப்புதல். நேர்மையாளர் பொருளைக் காட்டுவார்; அட்டையைக் காட்டி நம்பிக்கை தேடமாட்டார்.

ஏலமாயின், விலை கேட்டவர்களின் பட்டியலையும் பார்க்கவேண்டும். புதிதாகச் சேர்ந்த சிலரே ஒருவரது பொருளுக்கு மட்டும் மீண்டும் மீண்டும் விலையை ஏற்றினால் அது ஐயத்துக்குரியது. விளம்பரத்தில் உள்ள படத்தை இணையத் தேடுபொறியில் இட்டுத் தேடினால், அதே படம் வேறு ஊரில் வேறு பெயரில் வந்திருப்பது சில வேளை தெரியும். வண்டியாயின், அதன் பதிவெண்ணைக் கொண்டு அரசின் பரிவாகன் தளத்தில் பதிவு விவரங்களைச் சரிபார்க்கலாம். எனினும், இவை யாவற்றினும் சிறந்த சோதனை ஒன்று உண்டு. பகல் வேளையில், மக்கள் நடமாடும் இடத்தில், பெரியவர் ஒருவருடன் சென்று பொருளை நேரில் கண்டு, அதன்பின் பணம் கொடுப்பதே அது.

மோசடி என்று தெளிந்தபின் பேசாமல் விலகிவிட்டால் போதுமா? போதாது. நாம் தப்பினோம், விளம்பரம் தப்பவில்லை. அது அங்கேயே இருந்து அடுத்தவரை எதிர்நோக்கும். வழியில் கள்வர் உளர் என்று அறிந்த பயணி, சாவடியில் தங்கியிருப்பவருக்கு அதனைச் சொல்லாமல் போவது அறமாகுமா? ஆகவே விளம்பரத்துடன் உள்ள புகார்ப் பகுதியை அழுத்தித் தளத்தாருக்குத் தெரிவிக்கவேண்டும். அதற்கு முன் விளம்பரத்தையும் உரையாடலையும் படமாகச் சேமித்து வைக்கவேண்டும். விளம்பரம் நீக்கப்பட்டபின் சான்று கிடைப்பது அரிது.

பணம் போய்விட்டதாயின் ஒரு நொடியும் தாழ்த்தலாகாது. முதலில் பெற்றோரிடம் சொல்லி, 1930 என்னும் எண்ணுக்கு அழைக்கவேண்டும். இது இணையவழிப் பண மோசடிகளைத் தெரிவிப்பதற்கென நாடு முழுவதும் உள்ள எண். 2019-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலும் எழுத்தால் பதிவு செய்யலாம். பணம் சென்ற நேரம், தொகை, பரிமாற்ற எண், ஏமாற்றியவரின் தொலைபேசி எண் ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொள்க. தம் வங்கிக்கும் உடனே அறிவிக்கவேண்டும். விரைவு ஏன் வேண்டும் எனின், கள்வர் பணத்தை ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்கு விரைந்து மாற்றி எடுத்துவிடுவர். எடுக்குமுன் செய்தி சென்றால், அப்பணத்தை வங்கிகள் நிறுத்தி வைக்க இயலும்.

காவல் நிலையத்திலும் புகார் அளிக்கலாம். வேலப்பன்சாவடிப் பகுதி, 2022-ஆம் ஆண்டில் அமைந்த ஆவடி மாநகரக் காவல் ஆணையரகத்தின் கீழ் வருகிறது. அங்கு இணையக் குற்றப் பிரிவு உண்டு. கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையும் ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கலாம். 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவும் ஏமாற்றுக் குற்றத்துக்குத் தண்டனை கூறுகிறது. இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், அதற்குக் கட்டணம் அனுப்புங்கள் என்று எவரேனும் அழைத்தால், அவரும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவர் என்றே கொள்க.

சட்டமும் தொலைபேசி எண்ணும் இருந்தும் பலர் வாய் திறப்பதில்லை. ஏமாந்தோம் என்று சொல்ல நாணுகின்றனர். கல்விக் கட்டணத்துக்கென வைத்த பணத்தை இழந்த மாணவன் தந்தையின் சினத்துக்கு அஞ்சி மறைக்கிறான். மறைக்கும் ஒவ்வொரு மணியும் பணத்தைத் தொலைவுக்குக் கொண்டுபோகிறது. வழிப்பறிக்கு ஆளானவனை நாம் இகழ்வதில்லை. ஏமாற்றப்பட்டவனை மட்டும் ஏன் இகழவேண்டும்? நாணவேண்டியவன் ஏமாற்றியவனே. வீட்டில் ஒருவர் ஏமாந்தால், அறிவு எங்கே போயிற்று என்று கேட்பதற்கு முன், 1930-க்கு அழைத்தாயா என்று கேட்பதே அன்புடையோர் செயல்.

மாணவர்களே, கைப்பேசியைக் கையாளுவதில் உங்களுக்குள்ள திறமை பெரியோரிடம் குறைவாக இருக்கலாம். மனிதரை எடைபோடுவதில் அவர்களுக்குள்ள பட்டறிவு உங்களிடம் குறைவாக இருக்கலாம். இரண்டும் கூடினால் கள்வருக்கு இடமில்லை. பொருளைக் காணாமல் பணம் கொடாதீர். ஏமாந்தால் அதனை மறையாதீர். இவ்விரண்டையும் கடைப்பிடிப்பவர் தம்மைக் காப்பதோடு, தாம் ஒருபோதும் காணப்போகாத வேறொருவரையும் காப்பவராவர்.